மீட்புப் புள்ளி கைவிடும்போது

சிஸ்டம் ரெஸ்டோர் வெற்றிகரமாக நிறைவடையவில்லை, உங்கள் கணினியின் கோப்புகளும் அமைப்புகளும் மாற்றப்படவில்லை. விண்டோஸ் கணினியில் வேலை செய்பவர்கள் பலர் இந்தச் செய்தியை ஒரு முறையாவது திரையில் கண்டிருப்பார்கள். அரை மணி நேரம் காத்திருந்து, கணினி தானே அணைந்து தானே எழும்பி, கடைசியில் காட்டுவது இதுதான். நம் ஊர்க் கடைகளில் அதற்குக் கிடைக்கும் பதிலும் வழக்கமானது: “ஃபோர்மட் அடிக்க வேண்டியதுதான்.”

அந்த முடிவு பல நேரம் அவசரமானது. மீட்பு காரணமில்லாமல் தோற்பதில்லை. காரணத்தைத் தேடினால் கணினி தப்புவதற்கு வாய்ப்பு உண்டு. அதைவிடப் பெரிய பயன், பழுதாகத் தொடங்கிவிட்ட ஒரு ஹார்ட் டிஸ்க்கை அது முழுதாய் நிற்பதற்கு முன்பே அடையாளம் காண்பது. தேடாமல் ஃபோர்மட் அடித்தால், அதே நோயுள்ள டிஸ்க்கின்மேல் புதிய விண்டோஸை ஏற்றி வீட்டுக்கு எடுத்துப் போகிறோம்.

இறக்கக்கண்டி போன்ற ஊருக்கு இது இன்னும் கூடப் பொருந்தும். திருகோணமலையிலிருந்து புல்மோட்டை வீதியில் வடக்கே போனால் நிலாவெளிக்கு அப்பால், கடலுக்கும் களப்புக்கும் இடையில் கிடக்கும் ஊர். ஒரு கணினி நின்றால் அதைத் தூக்கிக்கொண்டு நகரத்துக்குத்தான் போக வேண்டும். ஒரு கொமியூனிகேஷன் கடையில் நிற்கும் ஒற்றைக் கணினியில் பாடசாலைப் பிள்ளைகளின் ஒப்படைகள், பிரதேச செயலகத்துக்குப் போகும் விண்ணப்பங்கள், சங்கங்களின் கணக்குகள் என்று ஊரின் பாதி எழுத்து வேலை கிடக்கும். அது ஒரு வாரம் இல்லாமல் போனால் கடைக்காரருக்கு மட்டுமா நட்டம்?

சிஸ்டம் ரெஸ்டோர் 2000ஆம் ஆண்டில் விண்டோஸ் எம்.ஈ. பதிப்போடு வந்தது. புதிதாக நிறுவிய ஒரு மென்பொருளோ டிரைவரோ கணினியைக் குழப்பினால், குழப்பத்துக்கு முன் குறித்து வைத்த நிலைக்கு, அதாவது ஒரு மீட்புப் புள்ளிக்கு, திரும்ப வேண்டும் என்பதே நோக்கம். எக்ஸ்.பி. காலத்தில் முக்கியமான கோப்புகள் மாறும்போதெல்லாம் அவற்றின் பழைய வடிவை அது தனியே எடுத்து வைத்தது. விஸ்டாவிலிருந்து முறை மாறியது. கோப்புக் கோப்பாக நகல் எடுப்பதை விட்டு, வட்டு முழுவதையும் சிறு துண்டுகளாகப் பார்க்கும் ‘வொல்யூம் ஷாடோ கொப்பி’ என்ற சேவையின்மேல் ஏறிக்கொண்டது. இன்று விண்டோஸ் 11 வரை அதே அடித்தளம்தான்.

இந்த முறையைப் புரிந்துகொண்டால் பாதிப் பழுது புரிந்துவிடும். மீட்புப் புள்ளி ஒன்றை உருவாக்கும் கணத்தில் எதுவும் நகலெடுக்கப்படுவதில்லை. அதனால்தான் அது சில நொடிகளில் முடிந்துவிடுகிறது. அதன் பிறகு வட்டின் ஏதாவது ஒரு துண்டின்மேல் புதிதாக எழுத வேண்டி வரும்போது மட்டும், அந்தத் துண்டின் பழைய உள்ளடக்கம் முதலில் ஒதுக்கிடத்துக்குப் போகும், பிறகு புதியது எழுதப்படும். ஒரு துண்டு 16 கிலோபைட். கடைக் கணக்குக் கொப்பியில் ஒரு வரியை அழித்துத் திருத்துமுன் பழைய வரியை மட்டும் தனித் தாளில் குறித்து வைப்பது போன்றது இது. தனித் தாள்களையும் கொப்பியையும் சேர்த்துப் பார்த்தால் போன வாரக் கணக்கைத் திரும்ப எழுதிவிடலாம். கொப்பி தொலைந்தால், தாள்கள் மட்டும் இருந்து பயனில்லை.

ஆக மீட்புப் புள்ளி என்பது முழுப் பிரதி அல்ல, மாறியவற்றின் குறிப்பு மட்டுமே. அது காக்கும் வட்டிலேயே அதுவும் கிடக்கிறது. அந்த வட்டில் அடி விழுந்தால் இரண்டுக்கும் சேர்த்தே விழும். அது திருப்பித் தருவதும் விண்டோஸின் கோப்புகள், ரெஜிஸ்ட்ரி, டிரைவர்கள், நிறுவிய மென்பொருள்கள் ஆகியவற்றையே. நீங்கள் எழுதிய கடிதத்தையோ பிள்ளையின் படத்தையோ அல்ல. போன மாதம் நிறுவிய தமிழ்த் தட்டச்சு மென்பொருள், அதற்கு முந்திய புள்ளிக்குத் திரும்பினால் காணாமல் போகும். ஆனால் அதில் தட்டச்சு செய்த ஆவணம் அப்படியே இருக்கும்.

புள்ளி உருவாகும் அந்தச் சில நொடிகளுக்குள் நடப்பதுதான் இந்தப் பொறிமுறையின் மிக நுட்பமான பகுதி. எழுதிக்கொண்டிருக்கும் மென்பொருள்களை எல்லாம் விண்டோஸ் ஒரு கணம் நிறுத்தி வைக்க வேண்டும். ரெஜிஸ்ட்ரி, தரவுத்தளங்கள் போன்ற ஒவ்வொன்றுக்கும் ‘ரைட்டர்’ எனப்படும் ஒரு பொறுப்பாளர் உண்டு. அவர்கள் தங்கள் கையிலிருப்பதை வட்டில் எழுதி முடித்து, நிறுத்திவிட்டோம் என்று பதில் சொல்ல வேண்டும். அதற்குத் தரப்படும் உச்ச நேரம் 60 நொடி. அதன்பின் வட்டுக்குப் போகும் எல்லா எழுத்தும் தடுக்கப்படும். அதற்கு 10 நொடிக்கு மேல் இல்லை. அதற்குள் வேலை முடியாவிட்டால் புள்ளி கைவிடப்படும்.

நல்ல நிலையிலுள்ள வட்டுக்குப் பத்து நொடி என்பது மிக நீண்ட காலம். பழுதான செக்டர் ஒன்றைத் திரும்பத் திரும்பப் படிக்க முயன்று திணறும் வட்டுக்கு அது போதாது. மீட்புப் புள்ளி உருவாகவே மாட்டேன் என்று அடம்பிடிக்கும் கணினியில் நான் முதலில் வட்டைச் சந்தேகிக்கச் சொல்வது இதனால்தான். கோப்புகள் திறக்கின்றன, பாட்டு ஓடுகிறது, எல்லாம் சரியாக இருப்பதுபோல் தெரியும். காலக்கெடுவுக்குள் வேலையை முடிக்க வேண்டியிருப்பதால் ஷாடோ கொப்பி அதை முதலில் காட்டிக் கொடுத்துவிடக்கூடும்.

சந்தேகத்தைத் தீர்க்க ‘ஸ்மார்ட்’ அளவீடுகளைப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு ஹார்ட் டிஸ்க்கும் தன் உடல்நிலையைத் தானே குறித்து வைக்கிறது. அதைப் படித்துக் காட்ட இலவச மென்பொருள்கள் உண்டு. 5ஆம் எண் வரியில் மாற்றி ஒதுக்கப்பட்ட செக்டர்கள், 197ஆம் வரியில் படிக்க முடியாமல் காத்திருக்கும் செக்டர்கள். இவை பூச்சியத்திலிருந்து ஏறிக்கொண்டே போனால் வட்டு தேய்கிறது. அந்த நிலையில் எந்த மீட்பையும் முயலக் கூடாது, முதல் வேலை கோப்புகளை வெளியே எடுப்பது. 199ஆம் வரி மட்டும் ஏறினால் கதை வேறு. அது வட்டுக்கும் மதர்போர்டுக்கும் இடையே தரவு போகும் வழியில் ஏற்படும் பிழை. கேபிளும் அதன் முனைகளும் குற்றவாளிகள்.

கரையோர ஊர்களில் இந்த 199 முக்கியமானது. கடற்காற்றில் வரும் நுண்ணிய உப்பு எல்லாவற்றின்மேலும் படிகிறது. உப்பு, காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 75 வீதத்தைத் தாண்டினால் காற்றிலிருந்தே நீரை இழுத்துக் கரைசலாகிவிடும். கரையோர இரவுகளில் அந்த அளவைத் தாண்டுவது வழமை. கேபிள் முனைகளிலும் ராம் பலகையின் விளிம்பிலும் பொன் பூச்சு மிக மெல்லியது. அதிலுள்ள நுண்துளைகள் வழியே உப்புக் கரைசல் அடியிலுள்ள உலோகத்தை அரிக்கத் தொடங்கும். தொடுமுனை சில கணங்களுக்கு மட்டும் விட்டுவிட்டுத் தொடும். கணினியின் பெட்டியைத் திறந்து கேபிளைக் கழற்றித் துடைத்து மீண்டும் செருகியதும் மீட்பு வேலை செய்தது என்று சொல்பவர்கள் உண்டு. அதில் மாயம் ஏதுமில்லை, அரிமானம் பற்றிய வேதியியல்தான்.

அடுத்தது கரண்ட். 2022 மார்ச் இறுதியில் இலங்கையில் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு இருந்ததை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். 2025 பெப்ரவரி 9ஆம் தேதி நாடு முழுவதும் இருண்டது. அறிவித்து நிறுத்தும் வெட்டைவிட, எழுதிக்கொண்டிருக்கும்போது சட்டென்று போகும் கரண்ட்தான் ஆபத்து. விண்டோஸின் என்.டி.எஃப்.எஸ். கோப்பு முறை, கோப்புகளின் பெயர், இடம், அளவு போன்ற விவரங்களில் நடக்கும் மாற்றங்களை முன்கூட்டியே ஒரு பதிவேட்டில் எழுதிக்கொள்வதால் அந்த அமைப்பு பெரும்பாலும் தப்பிவிடும். கோப்பின் உள்ளடக்கத்துக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. பாதி எழுதப்பட்ட கோப்பு பாதியாகவே கிடக்கும். ‘செக்டிஸ்க்’ கட்டளை கோப்பு முறையின் முறிவுகளைச் சீர்செய்யும். ‘எஸ்.எஃப்.சி. ஸ்கேன்னவ்’ கட்டளை விண்டோஸின் சொந்தக் கோப்புகளைச் சரிபார்த்து, கெட்டதை மாற்றும். அது தோற்றால் ‘டிசம்’ என்ற கருவி மூலக் களஞ்சியத்தைச் சீர்செய்யும், அதன்பின் மறுபடி எஸ்.எஃப்.சி. ஓட்ட வேண்டும். ஸ்மார்ட் அளவீடுகள் நன்றாக இருந்தால் மட்டுமே இந்த வரிசை. தேய்ந்த வட்டில் செக்டிஸ்க் ஓட்டுவது அதற்கு மேலும் சுமை.

வட்டு நன்றாகவே இருக்கிறது, புள்ளிகள்தான் இல்லை என்றால்? விண்டோஸ் 10 வந்த பிறகு பல கணினிகளில் இந்த வசதி தொடக்கத்திலேயே அணைந்து கிடக்கிறது. இயக்கியிருந்தாலும் ஒதுக்கிய இடம் நிறைந்தால் மிகப் பழைய புள்ளி முதலில் அழியும். 128 கிகாபைட் எஸ்.எஸ்.டி. போட்ட மலிவான மடிக்கணினிகளில் இது விரைவாகவே நடக்கும். இன்னொரு வகை இழப்பு திடீரென வரும். பெரிய அளவில் வட்டில் எழுதும்போது, பழையதை ஒதுக்கிவைக்கும் பரப்பு அந்த வேகத்துக்கு ஈடுகொடுத்து வளர முடியாவிட்டால், விண்டோஸ் எல்லாப் புள்ளிகளையும் ஒரேயடியாக விட்டுவிடும். நிகழ்வுப் பதிவேட்டில் ‘வொல்ஸ்னாப்’ என்ற பெயருக்கு எதிரே 25 என்ற எண் இருந்தால் அதுதான் நடந்தது. நேற்று இருந்த ஐந்து புள்ளிகளும் இன்று எங்கே என்று திகைப்பவர்கள் பார்க்க வேண்டிய இடம் அது. விண்டோஸ் 11இன் 24எச்2 பதிப்பில், 2025 ஜூன் புதுப்பிப்புக்குப் பிறகு ஒரு புள்ளியின் ஆயுள் அதிகபட்சம் 60 நாள் என்று மைக்ரோசொஃப்ட் வரையறுத்திருப்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

இடத்தைச் சுத்தம் செய்யும் மென்பொருள்கள் புள்ளிகளையும் சேர்த்துத் துடைப்பதுண்டு. வேகத்துக்காகப் பல சேவைகளை வெட்டியெறிந்த ‘லைட்’ விண்டோஸ்களைக் கடையில் போட்டுத் தருகிறார்கள். அவற்றில் ஷாடோ கொப்பிச் சேவையே அகற்றப்பட்டிருக்கலாம். அங்கே எதைச் சீர்செய்வது? முறையான விண்டோஸ் போடுவதைத் தவிர வழியில்லை.

புள்ளிகள் இருக்கின்றன, ஆனால் திரும்பும்போது தோற்கிறது என்பது மூன்றாவது வகை. பிழை எண்ணின் கடைசி இலக்கங்களைப் பாருங்கள். 80070005 என்றால் அனுமதி மறுப்பு. பெரும்பாலும் வைரஸ் கார்ட் தன் கோப்புகளை யாரும் தொடக் கூடாது என்று பூட்டி வைத்திருக்கிறது. மீட்பு முடியும்வரை அதை நிறுத்த வேண்டும். 80070091 என்றால் காலியாக இருக்க வேண்டிய ஓர் அடைவு காலியாக இல்லை. விண்டோஸ் 10இல் இது பெரும்பாலும் ஸ்டோர் செயலிகள் கிடக்கும் அடைவைச் சுற்றி வருவது.

எண் எதுவானாலும் முதலில் முயல வேண்டியது ஒன்றுண்டு. ஓடிக்கொண்டிருக்கும் விண்டோஸுக்குள் இருந்து மீட்பைத் தொடங்காமல், விண்டோஸுக்கு வெளியே உள்ள மீட்புச் சூழலிலிருந்து தொடங்குவது. ஷிஃப்ட் பொத்தானை அழுத்திக்கொண்டே ‘ரீஸ்டார்ட்’ கொடுத்தால் அந்த நீலத் திரை வரும். அங்கே வைரஸ் கார்ட் இல்லை, திறந்து கிடக்கும் கோப்பு இல்லை, குறுக்கே நிற்க ஆளில்லை. புதுப்பிப்பு ஒன்றை ஏற்றிய பிறகு அதற்கு முந்திய புள்ளிக்கு விண்டோஸ் 10இன் உள்ளிருந்தே திரும்பினால், புதிய டிரைவர் கோப்புகளும் பழைய கையொப்பப் பட்டியலும் ஒத்துப்போகாமல் கணினி எழும்பாமலே நின்றுவிடலாம். அதற்காக மீட்புச் சூழலையே பயன்படுத்தும்படி மைக்ரோசொஃப்டே சொல்லியிருக்கிறது.

அந்தச் சூழலின் வாசலில் ஒரு பூட்டு இருக்கக்கூடும். பிட்லொக்கர் குறியாக்கம் இயங்கும் கணினியில் 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்கும். விண்டோஸ் 11ஐப் புதிதாக நிறுவும்போது இந்தக் குறியாக்கம் பல கணினிகளில் உரிமையாளர் அறியாமலேயே தொடங்கிவிடுகிறது, சாவி அவருடைய மைக்ரோசொஃப்ட் கணக்கில் போய் உட்கார்ந்திருக்கும். 2024 ஜூலை 19இல் குரவுட்ஸ்ட்ரைக் நிறுவனத்தின் பிழையான ஒரு கோப்பால் உலகெங்கும் ஏறத்தாழ 85 இலட்சம் விண்டோஸ் கணினிகள் நீலத் திரையில் நின்றபோது, தீர்வு ஒரே ஒரு கோப்பை அழிப்பதுதான். ஆனால் குறியாக்கம் செய்த கணினிகளில் ஒவ்வொன்றாக அந்த 48 இலக்கங்களைத் தட்ட வேண்டியிருந்தது. கடைக்காரர் ஒருவர் கணினி விற்கும் அன்றே அந்தச் சாவியைத் தாளில் எழுதி வாங்குபவரின் கையில் கொடுத்தால், அவர் செய்யக்கூடிய பேருதவி அதுவாகவே இருக்கும்.

பழைய தொழில்நுட்பர்கள் ஒரு வித்தையை நம்புவார்கள்: ரெஜிஸ்ட்ரி கெட்டால் ‘ரெக்பேக்’ அடைவிலிருந்து பழைய பிரதியை எடுத்துப் போடுவது. விண்டோஸ் 10இன் 1803 பதிப்பிலிருந்து அந்த அடைவு நிரம்புவதில்லை. கோப்புகள் பெயருக்கு இருக்கும், அளவு பூச்சியம். இடத்தை மிச்சப்படுத்த மைக்ரோசொஃப்ட் வேண்டுமென்றே நிறுத்தியது. இதை அறியாமல் அந்தப் பூச்சியக் கோப்புகளை எடுத்து நல்ல ரெஜிஸ்ட்ரியின்மேல் போட்டால், திருத்த முடிந்த கணினி திருத்த முடியாததாகும்.

இவ்வளவும் தானே வந்த பழுது. வேண்டுமென்றே புள்ளிகளை அழிக்க வருபவர்கள் வேறு. 2017 மே மாதத்தில் பரவிய வானக்ரை என்ற கப்பம் கேட்கும் மென்பொருள் கோப்புகளைப் பூட்டியதோடு, கணினியிலுள்ள ஷாடோ கொப்பிகள் எல்லாவற்றையும் அழிக்க விண்டோஸின் சொந்தக் கட்டளையையே ஏவியது. அதன்பின் வந்த கப்ப மென்பொருள்களும் பெரும்பாலும் அதையே செய்கின்றன. திரும்பும் வழி திறந்திருந்தால் யார் கப்பம் கட்டுவார்கள்?

இலங்கையே அதன் விலையைக் கொடுத்தது. 2023 ஓகஸ்ட் 26இல் இலங்கை அரச மேகக் கணினியின்மேல் கப்பத் தாக்குதல் நடந்தது. தகவல் மற்றும் தொடர்பாடல் தொழில்நுட்ப முகவர் நிலையத்தின் பொறுப்பிலிருந்த அந்த அமைப்பில், அமைச்சரவை அலுவலகம் உட்பட அரசின் மின்னஞ்சல் கணக்குகள் ஏறத்தாழ 5000 பாதிக்கப்பட்டன. சேவையை விரைவிலேயே எழுப்பிவிட்டார்கள். ஆனால் மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான மின்னஞ்சல்கள் போனது போனதுதான். இணைப்பில் இருந்த காப்புப் பிரதிகளும் சேர்ந்தே பூட்டப்பட்டன. இணைப்புக்கு வெளியே அந்த நாட்களுக்கான பிரதி இல்லை. ஓடியது எக்ஸ்சேஞ்ச் 2013 என்ற பழைய மென்பொருள், அதற்கான ஆதரவை மைக்ரோசொஃப்ட் அந்த ஆண்டு ஏப்ரல் 11இலேயே முடித்திருந்தது. இனி நாள்தோறும் இணைப்பில்லாத பிரதி எடுக்கப்படும் என்று பின்னர் அறிவித்தார்கள். நூறு நாட்களின் அரச கடிதப் போக்குவரத்து என்பது யாரோ ஒருவரின் இடமாற்றக் கோரிக்கையாகவும், யாரோ ஒருவரின் காணி விடயமாகவும் இருந்திருக்கும். இதைத் தொழில்நுட்பக் கோளாறு என்று கடந்துபோக என்னால் முடியவில்லை.

வீட்டுக் கணினியின் மீட்புப் புள்ளிக்கும் அந்த மேகக் கணினிக்கும் அளவில் ஒப்பில்லை, குறை ஒன்றே. காப்பதும் காக்கப்படுவதும் ஒரே இடத்தில், ஒரே இணைப்பில் இருந்தன. நிழற்படக் கலைஞர் பீட்டர் குரோ பரப்பிய 3-2-1 விதி இதற்குத்தான்: மூன்று பிரதி, இரண்டு வகை ஊடகம், ஒன்று வேறிடத்தில். கடை ஒன்றுக்கு இது பெரிய செலவல்ல. ஒரு வெளி ஹார்ட் டிஸ்க் வாங்கி, வேலை முடிந்ததும் அதைக் கழற்றி வைக்க வேண்டும். எப்போதும் செருகியே கிடக்கும் டிஸ்க் கப்ப மென்பொருளுக்கு இன்னொரு இரைதான். பென் டிரைவை நீண்டகாலச் சேமிப்புக்கு நம்பக் கூடாது. அதில் தரவு மின்னேற்றமாகத்தான் நிற்கிறது, காலப்போக்கில், வெப்பத்தில் இன்னும் விரைவாக, அது கசிந்துவிடும்.

வேறிடம் என்றால் எது? கொழும்பில் எழுதப்படும் வழிகாட்டிகளில் அது இன்னொரு கட்டடம். இறக்கக்கண்டியில் பக்கத்து வீடும் அதே கரையில்தான். 2004 டிசம்பர் 26இல் கடல் இந்தக் கரைக்கு வந்தது. 2020 டிசம்பர் 2ஆம் தேதி இரவு புரெவிப் புயல் தரை தொட்டது, சற்று வடக்கே, குச்சவெளிக்கும் திரியாய்க்கும் இடையில். எனவே இரண்டாவது டிஸ்க் கந்தளாயிலோ வவுனியாவிலோ உறவினர் வீட்டில் இருக்கட்டும், போய்வரும்போது மாற்றிக்கொள்ளலாம். இணையம் தாராளமாக உள்ளவர்கள் மேகச் சேமிப்பில் ஒரு பிரதி வைக்கலாம். அங்கேயும் பழைய வடிவங்களைக் காக்கும் வசதி இயங்குகிறதா என்று பார்க்க வேண்டும். இல்லாவிட்டால் இங்கே பூட்டப்பட்ட கோப்பு அங்கேயும் போய் நல்லதன்மேல் ஏறிவிடும்.

பிரதி எடுத்ததோடு வேலை முடிவதில்லை. 2017 ஜனவரி 31இல் கிட்லாப் என்ற பெரிய மென்பொருள் நிறுவனத்தில் ஒருவர் தவறான சேவையகத்தில் தரவுத்தளத்தை அழித்துவிட்டார். காப்புக்கென்று அமைத்திருந்த ஐந்து வழிகளில் எதுவும் ஒழுங்காக வேலை செய்யவில்லை என்று அன்றுதான் தெரிந்தது. ஒரு பொறியாளர் தற்செயலாக ஆறு மணி நேரம் முன்பு எடுத்திருந்த பிரதி கைகொடுத்தது. ஆகவே மாதத்துக்கு ஒரு முறை வெளி டிஸ்க்கிலிருந்து ஏதாவது ஒரு கோப்பை வேறொரு கணினியில் திறந்து, கடைசிப் பக்கம் வரை போய்ப் பாருங்கள். மீட்புப் புள்ளியையும் அப்படியே, கணினி நல்ல நிலையில் இருக்கும்போது, மீட்புச் சூழலுக்குள் ஒரு முறை போய்ப் பட்டியலில் அது தெரிகிறதா, 48 இலக்கம் கேட்டால் கையில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, எதையும் மாற்றாமல் வெளியே வந்துவிடலாம்.